சமாதானப் பாட்டில் அவளுக்கும் ஒரு வரி

காதல் பாட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது சண்டைக்கு அப்புறம் வரும் பாட்டு. முதல் பார்வையைப் பாடுவது எளிது. எதிரில் இருப்பவரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது, அதனால் நிலவு, மேகம், மின்னல் என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பிரிவைப் பாடுவதும் ஒரு வகையில் எளிதுதான், அங்கே அழுதால் போதும். ஒரே வீட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும் இரண்டு பேரைப் பாடுவதுதான் கஷ்டம். ஒருவருடைய குறை இன்னொருவருக்கு முழுசாகத் தெரியும், தெரிந்தும் இவரோடுதான் இருக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது, அதே மனசுக்கு நடந்தது இன்னும் வலிக்கிறது. இவ்வளவையும் ஒரு மெட்டுக்குள் உட்கார வைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் இந்த வகைப் பாட்டுகளைத் தொடர்ந்து கேட்கக் கேட்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. எப்போதும் தப்புச் செய்தவர்தான் பாடுகிறார். பல்லவியில் கெஞ்சுகிறார், முதல் சரணத்தில் பழைய நாட்களை நினைவுபடுத்துகிறார், இரண்டாவது சரணத்தில் நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்கிறார். காயப்பட்டவர் என்ன செய்கிறார்? ஜன்னல் ஓரம் நிற்கிறார். கண் கலங்குகிறார். கடைசியில் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். பாட்டு முழுக்க அவருக்கு ஒரு வரி கிடையாது. மன்னிக்க வேண்டியவர் அவர், மன்னித்தாயிற்றா இல்லையா என்று சொல்லத் தகுதி உள்ள ஒரே ஆள் அவர், அவருக்குப் போய் வாயே தராமல் விட்டுவிடுகிறோம்.

பாட்டின் அமைப்பே இதற்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஆசையைச் சொல்லும் பாட்டில் அப்படித் திரும்ப வருவது அழகு, ஒவ்வொரு தடவையும் ஆசை ஒரு சுற்றுக் கூடுகிறது. மன்னிப்புக் கேட்கும் பாட்டிலோ 'மன்னித்துவிடு' என்பது முதல் தடவை வேண்டுகோளாக இருக்கிறது, நாலாவது தடவை வரும்போது நச்சரிப்பாகிவிடுகிறது. நடுவில் யாரும் பதில் சொல்லவில்லை, பதில் வருவதற்கு இடமும் விடவில்லை, கேள்வி மட்டும் திரும்பி வருகிறது. அப்புறம் இன்னொன்று. சினிமாப் பாட்டு எல்லோருக்கும் பொருந்த வேண்டும். அதனால் என்ன தப்பு நடந்தது என்று அது சொல்லவே முடியாது. 'ஏதோ பிழை', 'தெரியாமல் செய்தது', 'வார்த்தை தவறிவிட்டேன்' என்று பொத்தாம்பொதுவாகத்தான் நிற்கும். நிஜத்தில் யாரும் ஏதோ ஒரு பிழைக்காகக் கோபித்துக்கொள்வதில்லையே. குறிப்பிட்ட ஒரு நாள், குறிப்பிட்ட ஒரு பேச்சு, அதைச் சொன்ன விதம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது வரை அத்தனையும் ஞாபகம் இருக்கும்.

இசையமைப்பாளர்கள் இதைப் பல நேரம் வார்த்தை இல்லாமலே சரிசெய்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு சரணங்களுக்கு நடுவே வயலின்கள் ஏறி இறங்கி, ஒரு புல்லாங்குழல் மட்டும் மிஞ்சி நிற்கும் இடத்தில், அதுவரை பேசாமல் இருந்த குரல் ஒரு ஹம்மிங்காக உள்ளே வரும். அவர் பாடிய அதே மெட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தாமதமாகத் தொடரும். அந்தத் தாமதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உடனே சேர்ந்துகொள்ளவில்லை, ஆனால் மெட்டை மறுக்கவும் இல்லை. வரிகளால் முடியாததை அந்த இரண்டு மூன்று நொடிகள் செய்துவிடுகின்றன. அப்படி ஒரு இடம் வந்தால் பாட்டை நிறுத்தித் திரும்பக் கேட்காமல் என்னால் மேலே போக முடியாது. இருந்தாலும் ஹம்மிங் போதுமா?

இன்றைக்குச் சண்டை போட்டால் பாட்டு அனுப்புகிறார்கள். 'சாரி' என்று எழுதுவதற்குப் பதில் ஒரு லிங்க். அல்லது ஸ்டேட்டஸில் ஒரு பாட்டின் முப்பது நொடி, யாருக்கு என்று சொல்லாமல், பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டாரா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொண்டு. என் தோழி ஒருத்திக்கு அப்படி ஒரு பாட்டு வந்தது. முழுசாகக் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லா இருக்கு. நீ என்ன சொல்ற?" என்று பதில் போட்டாள். மன்னிப்பைப் பற்றி நான் கேட்டதிலேயே சுருக்கமான, நியாயமான கேள்வி அதுதான். வேறொருவர் எழுதி, வேறொருவர் மெட்டமைத்து, வேறொருவர் பாடிய வருத்தம் அது. அனுப்பியவருடைய வருத்தம் அதில் எவ்வளவு என்று அவள் கேட்டதில் என்ன தப்பு?

இது புதுப் பழக்கமும் அல்ல. சங்கப் பாட்டுகளில் ஊடலைப் பாடும் மருதத்திணையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விடுகிறான். திரும்பி வர நினைக்கும்போது நேராக வந்து தலைவியின் முன்னால் நிற்க முகம் இல்லை, அதனால் ஆள் அனுப்புகிறான். யார் யாரை எல்லாம் இப்படித் தூது அனுப்பலாம் என்று தொல்காப்பியம் கற்பியலில் ஒரு பட்டியலே இருக்கிறது: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். மொத்தம் 12 பேர். வாயில்கள் என்று இவர்களுக்குப் பெயர். இதில் பாணன் யார்? யாழோடு வந்து பாடுகிறவன். அதாவது வீட்டில் சண்டை, பாட்டு அனுப்பு. அன்றைக்கே இதுதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அந்தப் பாட்டுத்தொகைகளில் பாணன் பாடிய பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துத் தலைவியும் தோழியும் என்ன சொன்னார்கள் என்பதுதான் பாட்டாக நிற்கிறது. வாயில் மறுத்தல் என்று அதற்கு ஒரு துறையே உண்டு. புலவர்களுக்குக் கெஞ்சுகிறவனின் பாட்டில் அவ்வளவு அக்கறை இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவளின் பதிலில்தான் அக்கறை. இப்போதைய பாட்டுகளோடு ஒப்பிட்டால் தலைகீழ்.

குறுந்தொகை 354, கயத்தூர் கிழார் பாடியது. ஆறே வரி.

நீர்நீ டாடிற் கண்ணும் சிவக்கும்
ஆர்ந்தோர் வாயில் தேனும் புளிக்கும்

ரொம்ப நேரம் தண்ணீரில் ஆடினால் கண் சிவக்கும், நிறையக் குடித்தவர் வாய்க்குத் தேன்கூடப் புளிக்கும். தோழி தலைவனிடம் சொல்கிறாள். உனக்கு நாங்கள் புளித்துவிட்டோம், சரி, விட்டுப் போவதாக இருந்தால் எங்களை எங்கிருந்து கூட்டிவந்தாயோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடு என்கிறாள். எந்த ஊருக்கு? என் தந்தையின் ஊருக்கு, பாம்பு நடமாடும் தெருவில் அன்றைக்கு நாங்கள் நடுங்கிய நடுக்கத்தை நீ வந்து தீர்த்தாயே, அந்த ஊருக்கு. இந்த இடத்தைக் கவனியுங்கள். பழைய காதலை நினைவுபடுத்துவது நம் பாட்டுகளில் தப்புச் செய்தவர் கையில் இருக்கும் ஆயுதம், 'அன்றைக்கு எப்படி இருந்தோம்' என்று சொல்லி எதிராளியை இளக வைப்பது. இங்கே அந்த ஞாபகம் காயப்பட்டவள் பக்கம் இருக்கிறது. எங்கள் பயத்தைத் தீர்த்தவன் நீ, இப்போது எங்களை வேண்டாம் என்கிறவனும் நீ என்று அவன் முன்னால் வைக்கிறாள். கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை, அழுகையும் இல்லை.

மறுக்கவும் உரிமை இருக்க வேண்டும். எப்படியும் மன்னித்துவிடுவாள் என்று முதல் வரியிலேயே தெரிந்த பாட்டில் அவள் மன்னிப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை. நம்மாழ்வாருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. திருவாய்மொழி ஆறாம் பத்தில் இரண்டாவது திருமொழி, ஆயர் மகளாகத் தன்னை நினைத்துக்கொண்டு கண்ணனிடம் ஊடிப் பாடுவது. தாமதமாக வந்திருக்கும் கண்ணனிடம் அவள் சொல்வது:

உன்னுடைய சுண்டாயம் நான்அறிவன் இனியது கொண்டு செய்வதென்
என்னுடைய பந்தும் கழலும் தந்து போகு நம்பீ

உன் விளையாட்டு எல்லாம் எனக்குத் தெரியும், என் பந்தையும் கழற்காயையும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர் என்கிறாள். எதிரில் நிற்பது இலங்கையை அழித்தவன் என்று அதே பாட்டிலேயே சொல்கிறாள், சொல்லிவிட்டுத்தான் பந்தைக் கேட்கிறாள். சண்டை போட்டுப் பிரியும்போது 'என் சாமானைக் கொடுத்துவிடு' என்று கேட்காத காதல் ஜோடி உண்டா? கடவுளிடம் அதைக் கேட்கிற தைரியம் ஒரு பக்திப் பாட்டுக்கு இருந்திருக்கிறது, காதல் பாட்டுக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

எல்லாச் சண்டையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருக்குறள் முடிவதே ஊடலில்தான். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரங்கள். 131, 132, 133. அங்கே பெரும்பாலும் பெரிய குற்றம் எதுவும் இல்லை. அவனுக்குத் தும்மல் வருகிறது, அவள் வாழ்த்துகிறாள், வாழ்த்திய கையோடு அழுகிறாள், யார் நினைத்து நீங்கள் தும்மினீர்கள் என்று (1317). அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிப் பார்க்கிறான், அதற்கும் அழுகிறாள், உங்கள் ஆட்கள் உங்களை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா என்று. சமாதானம் செய்தால், மற்ற பெண்களிடமும் இப்படித்தான் பணிவாக நடந்துகொள்வீர்களா என்று அதற்கும் கோபம் (1319). அவனால் எதைச் செய்தும் தப்பிக்க முடியாது, தப்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இது இரண்டு பேருக்கும் பிடித்த விளையாட்டு. இராப்பொழுது நீளட்டும், அவள் ஊடட்டும், நான் கெஞ்சிக்கொண்டே இருக்கிறேன் என்று அவனே சொல்கிறான் (1329). இந்தச் சண்டைக்குக் கொஞ்சுகிற பாட்டுப் போதும். துள்ளலான தாளம், கிண்டல், கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரிப்பு, எல்லாம் சரி.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால் நிஜமான காயத்துக்கும் அதே கொஞ்சல் பாட்டைப் போடும்போது. பொய் சொன்னவன், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியவன், மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காதவன், இவர்கள் எல்லாம் தும்மல் சண்டைக்கு உரிய மெட்டில் வந்து நின்று கண்ணடித்தால் எப்படி? குறளே இந்த அளவைச் சொல்லிவிடுகிறது, புலவி உப்பைப் போல, அதைக் கொஞ்சம் நீளவிட்டால் உப்பு மிகுந்த மாதிரி (1302). ஊடியவரைத் தெளிவிக்காமல் விடுவது வாடிய கொடியை அடியோடு அறுப்பது போல என்றும் இருக்கிறது (1304). அந்த இடத்தில் விளையாட்டு முடிந்துவிட்டது.

இதே காமத்துப்பாலில் இன்னொரு ஜோடிக் குறள் உண்டு, எனக்கு அது ரொம்ப நெருக்கம். மை தீட்டும்போது கண்ணுக்கு மைக்கோல் தெரியாத மாதிரி, அவனைப் பார்த்த இடத்தில் அவன் பழி எனக்குத் தெரிவதில்லை (1285). அவனைப் பார்க்கும்போது தப்பு எதுவும் தெரியவில்லை, பார்க்காதபோது தப்பைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை (1286). சினிமாவில் சண்டைப் பாட்டு முடிவதெல்லாம் இந்த முதல் குறளில்தான், நேரில் வந்து நின்றதும் அவள் உருகிவிடுகிறாள். ஆனால் வள்ளுவர் இரண்டாவது குறளையும் கூடவே வைத்திருக்கிறார் பாருங்கள். நேரில் பார்த்து உருகியது மன்னிப்பு ஆகாது. அவன் அந்தப் பக்கம் போனதும் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டிப்பிடித்ததோடு பாட்டு முடிந்துவிடுகிறது, மறுநாள் காலையில் அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைத்தாள் என்று கேட்க ஆள் இல்லை.

சரி, சமாதானத்துக்குப் பாட்டே உதவாதா என்றால், உதவும். யாரிடம் பாடுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று) விட்டுவிட்டு வேறொரு பெண்ணிடம் போயிருந்தான் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இதைப் பற்றித்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள். பரணர் 144-இல் அவளைச் சந்தித்த கதையைச் சொல்கிறார். செவ்வழி யாழ் மீட்டி இவர்கள் பேகனின் காட்டைப் பாடியபோது ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள், நீ பேகனுக்கு உறவா என்று கேட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்." நாங்கள் அவனுக்கு உறவில்லை. என்னைப் போல இன்னொருத்தியின் அழகை விரும்பி அவன் நாள்தோறும் அந்த ஊருக்குப் போகிறானாம், சொல்லிக்கொள்கிறார்கள் என்கிறாள். கட்டிய மனைவி கணவனைப் பற்றி 'சொல்லிக்கொள்கிறார்கள்' என்று பேச வேண்டிய நிலை.

அடுத்த பாட்டில் பரணர் பேகனிடமே கேட்கிறார். நாங்கள் பசித்து வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றத்தின் பாரமும் இல்லை, நாங்கள் கேட்கும் பரிசு இதுதான், இன்றிரவே தேரில் ஏறிப் போய் அவள் துயரத்தைத் தீர்த்துவிடு. மயில் குளிரில் நடுங்கும் என்று போர்வை கொடுத்தவனே என்று கூப்பிட்டுவிட்டுத்தான் இதைக் கேட்கிறார், அந்த இடத்தில் அந்தப் புகழ்ச்சி எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரிசில் கிழார் நகை, செல்வம் எதுவும் வேண்டாம் என்கிறார். பெருங்குன்றூர் கிழார் அவள் எண்ணெய் தொடாத கூந்தலைச் சொல்லி, அதைக் கழுவிப் புதுப்பூச் சூட நீ இன்றே கிளம்பினால் அதுவே எங்களுக்குப் பரிசு என்கிறார்.

இந்த நாலு பேரில் ஒருவர்கூடக் கண்ணகியிடம் போய் 'பாவம், அவனை மன்னித்துவிடம்மா' என்று பாடவில்லை. யார் தப்புச் செய்தானோ அவனைப் பார்த்துப் பாடினார்கள். வீடுகளில் நடப்பது நேர் எதிர், அடிபட்டவரிடம் போய்த்தான் எல்லோரும் சமாதானம் பேசுவார்கள், ஏனென்றால் அவர்தான் இளகுவார் என்று தெரியும். ஐந்து பாட்டையும் படித்து முடித்தாலும் பேகன் அன்றிரவு தேர் ஏறினானா என்பதற்குப் பதில் இல்லை. அதுவும் சரிதான். ஏறினால் அவள் கதவைத் திறந்திருப்பாளா என்பது அவளுடைய விஷயம்.

பாட்டும் மன்னிப்பும் என்று பேச ஆரம்பித்தால் சிலப்பதிகாரத்தைத் தொடாமல் முடியாது, ஏனென்றால் அந்தக் கதை உடைவதே ஒரு பாட்டில்தான். கானல்வரியில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான், யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. வேறு ஒருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று மாதவிக்குத் தோன்றுகிறது. அவளும் பதிலுக்கு வேறு ஒருவனை நினைத்தவள் போலப் பாடுகிறாள், அவன் எழுந்து போய்விடுகிறான். யாரையும் குறிப்பிடாத பாட்டு எப்படி வேண்டுமானாலும் அர்த்தமாகும், கூடவே வாழ்ந்த இரண்டு பேருக்கும்கூட.

அப்புறம் மாதவி இரண்டு தடவை கடிதம் எழுதுகிறாள். முதல் கடிதம் கவிதை. தாழை மடலில், பித்திகை அரும்பால் செம்பஞ்சுக் குழம்பைத் தொட்டு எழுதுகிறாள், இளவேனில் என்னும் இளவரசன் முறை அறியாதவன், மாலையில் வந்த நிலாவும் நேர்மையானது இல்லை என்று. எவ்வளவு அழகு! கோவலன் அதைத் தொடவில்லை, ஆடல் மகள்தானே, இதெல்லாம் அவளுக்கு நடிப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டான். இரண்டாவது கடிதம் அவன் ஊரைவிட்டே போன பிறகு, கௌசிகன் என்ற அந்தணன் கையில் காட்டுவழியில் போய்ச் சேர்கிறது. இதில் நிலா இல்லை, வேனில் இல்லை. உங்கள் காலில் விழுந்தேன், பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் விட்டு மனைவியோடு இரவோடு இரவாகப் போகும்படி நான் செய்த பிழை என்ன என்று தெரியாமல் நெஞ்சு தவிக்கிறது. அவ்வளவுதான். அதைப் படித்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது, அவள் தப்பு இல்லை, என் தப்பு என்று. கவிதை எழுதத் தெரிந்தவள் கவிதையை விட்டுவிட்டு எழுதிய கடிதம்தான் வேலை செய்தது.

கோவலன் மனைவி கண்ணகியிடம் வருகிறேன். மாதவியை விட்டு வந்த அன்றைக்குக் கோவலன் ஒரு மாதிரி மன்னிப்புக் கேட்கிறான், குலம் சேர்த்த செல்வத்தை எல்லாம் தொலைத்த வறுமை எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்று. கவனித்தால், அவன் வெட்கப்படுவது பணம் போனதற்கு. அவளைத் தனியாக விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் சிரித்த முகம் காட்டி, "சிலம்புள கொண்ம்" என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தைத்தான் மன்னிப்பின் உச்சம் என்று மேடைகளில் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சினிமாப் பாட்டு முடியும் இடம் இதுதான், கெஞ்சியாயிற்று, சிரித்தாயிற்று, கிளம்பலாம்.

இளங்கோ இங்கே முடிக்கவில்லை. மதுரையில், அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண் மாதரி வீட்டில், சாப்பாடு முடிந்த பிறகு, கொலைக்களக் காதையில் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கிறார். இப்போது கோவலன் பேசுவது வேறு மாதிரி இருக்கிறது. வீணர்களோடு சேர்ந்து திரிந்ததையும், பெரியவர்கள் சொல் கேட்காததையும், பெற்றோர்க்குச் செய்ய வேண்டியதைத் தவறியதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "சிறுமுது குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்" என்கிறான். உனக்குச் சிறுமை செய்தேன். எழுந்திரு என்றதும் எழுந்து வந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்று கேட்கிறான். கேள்வியாக முடிக்கிறான், அதனால் அவளுக்கு இடம் கிடைக்கிறது.

அவள் பேசுகிறாள். நீங்கள் இல்லாததால் அறவோர்க்கு அளிக்கவும் விருந்தினரை வரவேற்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று என்கிறாள். உங்கள் தாயும் தந்தையும் வந்தபோது என் துயரத்தை மறைத்து, உண்மையில்லாத ஒரு சிரிப்புச் சிரித்தேன், அதைப் பார்த்து அவர்கள் உள்ளம் வருந்தினார்கள் என்கிறாள். அப்புறம்:

போற்றா ஒழுக்கம் புரிந்தீர் யாவதும்
மாற்றா உள்ள வாழ்க்கையே னாதலின்
ஏற்றெழுந் தனன்யான்

பெரியோர் மதிக்காத நடத்தையை நடந்தீர்கள். எதற்கும் மாறாத உள்ளத்தோடு வாழ்கிறவள் நான், அதனால் எழுந்து வந்தேன். நீங்கள் செய்தது தப்பு என்பது ஒரு மூச்சு, நான் வந்தேன் என்பது அடுத்த மூச்சு. தப்பே நடக்காத மாதிரி அவள் நடிக்கவில்லை, அதை வைத்து அவனை மிரட்டவும் இல்லை. மூன்று வரிகளுக்குள் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறாள். மாமனார் மாமியாரிடம் காட்டியது பொய்ச்சிரிப்பு என்று சொல்லும்போது, புகாரில் சிலம்பை எடுத்துக் கொடுத்தபோது சிரித்தாளே, அது எந்தச் சிரிப்பு என்று அவனுக்கும் ஒரு கணம் ஓடியிருக்காதா?

ஆண்தான் தப்புச் செய்வான், பெண்தான் மன்னிப்பாள் என்ற கணக்கு இந்தப் பழைய பாட்டுகளிலும் அப்படியேதான் இருக்கிறது, மறுக்கவில்லை. கற்பு என்ற பெயரில் எவ்வளவு பாரத்தை அவள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் அந்தக் காலத்துக் கவிஞன் அவளைப் பேசவாவது விட்டான். இன்றைக்கு மன்னிப்புக் கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள், மன்னிக்கத் திணறும் ஆண்களும் இருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் நின்றாலும் பாட்டில் ஒரு பக்கத்துக்குத்தான் மைக் தருகிறோம்.

கண்ணகி பேசி முடித்ததும் கோவலன் அவளைப் பாராட்டுகிறான். இந்த இடத்தைப் படிக்கும்போது மனையறம்படுத்த காதையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே, கல்யாணம் ஆன புதிதில், அவன் சொல்லும் நலம் பாராட்டல் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த காதல் வரிகளில் ஒன்று: மாசறு பொன்னே, வலம்புரி முத்தே, காசறு விரையே, கரும்பே, தேனே. பொன், முத்து, வாசனைப் பொருள், எல்லாம் ஒரு வணிகன் வீட்டில் கைக்கு எட்டும் சரக்கு. அவ்வளவு புகழ்ச்சிக்கும் கண்ணகி அங்கே ஒரு வார்த்தை பதில் சொல்வதாக இளங்கோ எழுதவில்லை. கொலைக்களக் காதையில் மறுபடியும் "பொன்னே கொடியே புனைபூங் கோதாய்" என்று தொடங்குகிறான், பொன் அப்படியே இருக்கிறது. மற்றது பெரும்பாலும் மாறிவிட்டது. நாணின் பாவாய், நீணில விளக்கே, கற்பின் கொழுந்தே என்று போகிறது, அதற்கு முன்னால் "என்னொடு போந்தீங்கு என்துயர் களைந்த" என்று ஒரு வரி வைக்கிறான். என்னோடு இங்கே வந்து என் துயரைத் தீர்த்தவளே. முதல் பாராட்டில் அவள் எப்படித் தெரிகிறாள் என்று பாடினான், இதில் அவள் என்ன செய்தாள் என்று பாடுகிறான், அதுவும் அவள் சொல்லிக் கேட்ட பிறகு.